லைன்மேனின் பிளசரும் என் சோப்பு டப்பாவும்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. ஆனால் காரோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் அதன் முகத்தில் விழிக்காமல் இருந்து, நாலாம் நாள் தானே போய்ச் சமாதானம் பேசத் தெரிந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். திண்டிவனத்தில் எனக்குப் பக்கத்து வீட்டு லைன்மேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குத் தெரிந்திருக்கும். கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கியே ரிட்டையர் ஆனவர் என்பதால் தெருவுக்கு அவர் லைன்மேன்தான். வாசலில் நின்று கூப்பிட்டால் அவர் மனைவியே, "லைன்மேன் வீட்ல இல்லீங்க" என்றுதான் பதில் சொல்வார். ரிட்டையரான பிறகும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். காய்ச்சலில் படுத்திருந்த என் நெற்றியில் ஒரு தடவை அதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், எர்த்து சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. கார் என்றால் கோபம் வரும். "காருன்றது மத்தவங்க வச்சிக்கினு இருக்கறது. இது பிளசர்" என்பார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெரிய வீட்டு வண்டிகளுக்கு அதுதான் பெயர். கறுப்பு நிறம், தொந்தி விழுந்த முன்பக்கம், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். பின்சீட்டில் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து சீட்டு விளையாடலாம். எந்த வருஷத்து மாடல் என்று கேட்டவர்களிடம், "உங்கப்பாவ எந்த வருஷம்னு கேட்டுட்டா கும்பிடறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு தடவை ரயில்வே கேட்டில் அது நடுத் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. இரண்டு பக்கத்து ஜனமும் சேர்ந்து தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து மூன்று நாள் லைன்மேன் சைக்கிளில் போனார். வண்டியைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாலாம் நாள் காலையில் புது மஞ்சள் துணியோடு வந்து, பானெட்டைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "வயசு எனக்குந்தான் ஆவுது, நான் இன்னா நடு ரோட்லயா உக்காந்துக்கறேன்னு கேட்டேன் சார். புரிஞ்சிக்கிச்சு" என்றார். உண்மையிலேயே புரிந்துகொண்டது போலத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்கேயும் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு சின்னக் கார் வாங்கினேன். கணக்கு வாத்தியாருக்கு ஏற்ற கார். வெள்ளை நிறம், ஏ.சி., பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட். மயிலம் முருகன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். லைன்மேன் வந்து மூன்று சுற்று சுற்றினார். பின்பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மீதி எப்ப சார் வரும்?"

"என்ன மீதி?"

"பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கணுமே. டிக்கி மாதிரி."

டிக்கி இருக்கிறது என்று திறந்து காட்டினேன். "ஒரு மல்லாட்டை மூட்டை படுக்காது சார். நிக்க வச்சித்தான் கொண்டாரணும்" என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. பிறகு கதவை விரலால் தட்டினார். டொப் என்றது. என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பிளசரைத் தட்டினார். டங் என்று தெருக்கோடி வரை கேட்டது. அன்று முதல் என் காருக்குத் தெருவில் சோப்பு டப்பா என்று பெயர். போன மழைக்காலத்தில் ஓர் எருமை பிளசர் மீது உரசிக்கொண்டு போனதாகவும், பிளசருக்கு ஒரு கீறல் இல்லை, எருமைதான் ஒரு வாரம் நொண்டிற்று என்றும் சொன்னார். எருமையை நான் விசாரிக்கவில்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கத்தைக் காட்டும் திரையைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். "அப்ப கழுத்து எதுக்கு சார் இருக்குது?" என்றார். பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் என்றேன். "என் வண்டியும்தான் கத்துது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்குது, காது குடுத்துக் கேக்கணும்" என்றார். சாவியைக் காட்டினேன். உருண்டையாக, கறுப்பாக, கூழாங்கல் அளவு இருக்கும். துவாரத்தில் நுழைக்க வேண்டாம், பையில் இருந்தாலே போதும், கார் தெரிந்துகொள்ளும் என்றேன்.

"பல்லு இல்லாததெல்லாம் சாவியா சார்? மோப்பம் புடிக்குதுன்னா அது நாயிதானே" என்றார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிளசரை அவர் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பஸ் ஸ்டாப்பில் யார் நின்றாலும் நிறுத்துவார். களை வெட்டிவிட்டுச் சேற்றுக் காலோடு நிற்கும் பெண்களாக இருந்தாலும் சரி, தலையில் கேப்பை மூட்டையோடு நிற்பவராக இருந்தாலும் சரி, "ஏறு, ஏறு" என்பார். அவர்களாகக் கதவைத் தொடக் கூடாது. தானே இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்துவிட்டு, உட்கார்ந்த பிறகு மூடிவிட்டுத்தான் தன் சீட்டுக்குப் போவார். வாழ்நாளில் முதல் தடவையாகக் காரில் ஏறுகிறவர் யாராவது இருந்தால் அவருக்குப் பின்சீட்டில் இடது ஓரம். மற்றவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பைசா வாங்கியதில்லை.

ஊரே ஏறிய அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்ற ஒரே ஆள் அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. பிளஸ் டூ படிக்கும்போது, பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரில் பிளசர் நின்றுபோனது. யூனிபாரத்தோடு இறங்கி அவளும் தள்ள வேண்டியதாயிற்று. கூடப் படிக்கும் பெண்கள் எல்லாம் வரிசையாக நின்று சிரித்தார்கள். "இனிமே செத்தாலும் இந்த வண்டில ஏற மாட்டேன்" என்றாள். "சரி" என்றார் லைன்மேன். அவ்வளவுதான். அப்புறம் எட்டு வருஷம் அவர் அவளை ஏறச் சொல்லவும் இல்லை, அவள் ஏறவும் இல்லை. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

ஸ்டெல்லா நர்ஸ் ஆனாள். விழுப்புரத்தில் வேலை, விழுப்புரத்திலேயே மாப்பிள்ளை. அங்குள்ள மாதா கோயிலில் காலை பத்து மணிக்குக் கல்யாணப் பூசை என்று முடிவாயிற்று. அழைப்பிதழ் கொடுக்க வந்தவள் வாசலில் நின்று, "அங்கிள், கல்யாணத்தன்னிக்கு உங்க கார்ல கோயிலுக்குப் போலாமா?" என்று கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் லைன்மேன் வாளித் தண்ணீரில் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

"போவட்டும் சார்" என்றார். "ஏசி இருக்குது. மேக்கப்பு கலையாது."

அன்று காலையில்தான் கழுவிய வண்டியை இன்னொரு தடவை இரண்டு மணி நேரம் கழுவினார்.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். "பொண்ணு ஏறப்போற வண்டி. ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாம் சார். நீங்க உங்கள்த எடுத்துக்கினு விழுப்புரம் வாங்க, நான் இத எடுத்துக்கினு வர்றேன். எது ஒழுங்கா வந்து சேருதுன்னு தெரிஞ்சிடும்." பந்தயம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே வாசலில் நின்று எங்களை வழியனுப்பியது.

நான் நாற்பது நிமிஷத்தில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கோயிலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். பேப்பர் படித்தேன். இன்னொரு டீ குடித்தேன். வண்டி எங்கேயோ படுத்துவிட்டது, மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான் என்று எழுந்தபோது, இரண்டு மணி நேரம் கழித்துப் பிளசர் வந்தது. லைன்மேன் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள், நிற்கவே இல்லை. பதினோரு பேர். கூடையில் இரண்டு கோழிகள். ஓமந்தூருக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவர், உட்கார்ந்த சொகுசில் திசை மாறி விழுப்புரம் வரைக்கும் வந்துவிட்டிருந்தார்.

"யாரு சார் ஜெயிச்சது?" என்றார் லைன்மேன்.

"நான்தான். வந்து ரெண்டு மணி நேரமாச்சு."

"எத்தினி பேர இட்டாந்தீங்க?"

"நான் மட்டும்தான்."

"நான் பதினோரு பேரு. கோழி தனி. வண்டின்னா தான் மட்டும் போயி சேர்றதா சார், ஆள கொண்டாந்து சேக்கறதா?"

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். கோழிகளையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

டீ குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் அப்பா ஒலக்கூர் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அந்த வீட்டுப் பிளசரை முப்பது வருஷம் கழுவினார், துடைத்தார், முதலாளி ஏறும்போது கதவைத் திறந்துவிட்டு மூடினார்.

"உள்ள உக்காந்ததே இல்ல சார். சீட்ட துடைக்கறப்பகூட கால வெளிய மண்ணுலயே ஊனிக்கினு, குனிஞ்சிக்கினுதான் துடைப்பாரு. நான் பாத்திருக்கறேன். அந்த வீட்டுப் பசங்க மெட்ராசுக்குப் போனப்ப வண்டிய வித்தாங்க. நான் வாங்கிட்டேன். வாங்கறதுக்கு முந்தின வருஷம் எங்கப்பா போய்ட்டாரு. சரி, அவுரு பேத்தி அந்த எடது பக்கத்து சீட்ல உக்காந்துக்கினு கல்யாணத்துக்குப் போவட்டும்னு நெனச்சேன். இருபத்திரெண்டு வருஷமா அதுக்குத்தான் இத ஓட விட்டுக்கினு இருக்கறேன். அப்புறம் நின்னா நிக்கட்டும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இதை ஸ்டெல்லாவிடம் சொல்லக் கூடாதா என்றேன்.

"சொன்னா பாவம் பாத்து வருவா. அது வேணாம் சார். செத்தாலும் ஏற மாட்டேன்னு சொன்ன புள்ள, தானா வரணும். நீங்களும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

மாதாவோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை என்றேன். "அப்ப மயிலம் முருகன் மேல பண்ணுங்க" என்று விடாமல் வாங்கிக்கொண்டார்.

கல்யாண நாள் வந்தது. பெண்ணின் அம்மாவும் என் மனைவியும் உறவுக்காரர்களில் பாதிப் பேரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காருக்கு மாலை கட்டியிருந்தார்கள். லைன்மேன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும் வண்டியின் சாவியை மாதா சொரூபத்தின் காலடியில் வைத்து, ஜெபம் சொல்லித்தான் எடுப்பார்கள். என் கூழாங்கல்லையும் வாங்கிக்கொண்டு போய்த் தன் சாவியோடு சேர்த்து வைத்தார். எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னார்கள். நானும் வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

ஸ்டெல்லா வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் வெள்ளை நெட் முக்காடுமாக என் பின்சீட்டில் ஏறினாள். துணைக்கு வர வேண்டிய சித்தி, கால் நீட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பிளசருக்குப் போய்விட்டாள். லைன்மேன் ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து, மகள் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார். நேரமாகிறதே என்று நான் பட்டனை அமுக்கினேன். கார் ஸ்டார்ட் ஆயிற்று. அவர் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் வண்டிக்கு நடந்தார். கார் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அது எப்போதும் எதற்காவது நச்சரித்துக்கொண்டே இருக்கும், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தைத் தாண்டியதும் எனக்கு மனசு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டேரிப்பட்டு நெருங்கினால் மயிலம் பக்கம் வந்துவிடும், முருகன் கண்ணில் படுவதற்குள் சத்தியத்தை மீறிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பாப்பா, உங்கப்பாவோட அந்தப் பிளசர் இருக்குதே..."

"தாத்தா உக்காராத சீட்டு. அந்தக் கததானே அங்கிள்? அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா என் கார்ல வர்ற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரோட்ல நிக்கறவங்க அத்தினி பேரையும் ஏறு ஏறுன்றாரு. கோழிக்குக்கூட எடம் இருக்குது. எட்டு வருஷமா என்ன ஒரு வாட்டி ஏறுன்னு சொல்லல. உங்க கார்ல போலாமான்னு அவரு காதுல விழணும்னுதான் அங்கிள் அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டேன். வேணாம், என் வண்டில வான்னு சொல்லுவாருன்னு பாத்தேன். ஏசி இருக்குதுன்றாரு."

கண்ணாடியில் பார்த்தேன். மேக்கப் ஏ.சி.யிலேயே கலைந்துகொண்டிருந்தது. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் எப்படிக் குடித்தனம் நடத்தினாரோ தெரியவில்லை.

பின்னால் பிளசர் கண்ணுக்கு எட்டின தூரம் வரை காணோம். "நிறுத்துங்க அங்கிள், அவரு வர்றாரான்னு பாக்கலாம். எங்கயாச்சும் நின்னுட்டாருன்னா பேஜாரு" என்றாள். கூட்டேரிப்பட்டில் ஓர் இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தி, காரை அணைத்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. வெயில் ஏறியது. ஏ.சி.யாவது போடலாம் என்று பட்டனை அமுக்கினேன். கார் அசையவில்லை. சாவி இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. சட்டைப் பை, பேண்ட் பை, சீட்டுக்கு அடியில், பூச்செண்டுக்குள் என்று தேடினேன். வேனில் இருந்த மனைவிக்குப் போன் செய்தேன். "உங்க சாவி எங்கிட்ட எதுக்கு இருக்குது?" என்று வைத்துவிட்டாள். மணி ஒன்பது பத்து.

அப்போதுதான் பிளசர் வந்தது. உள்ளே எட்டுப் பேர். லைன்மேன் பட்டு வேட்டியோடு இறங்கி ஓடி வந்தார்.

"இன்னா சார், நின்னுடுச்சா?"

நின்றுவிட்டது என்றேன். தெரு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் வந்தால் எப்படி இருக்கும்? அவர் முகம் அப்படி ஆயிற்று. யாரும் சொல்லாமலே பிளசரிலிருந்து உறவுக்காரர்கள் இறங்கி, பெண்ணுக்கு இடம் விட ஆரம்பித்தார்கள். "மாதா பாத்துக்கினா பாரு" என்றாள் சித்தி. ஸ்டெல்லா என் காரிலிருந்து இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றாள்.

லைன்மேன் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார். கை உள்ளேயே நின்றது. முகத்தில் வந்த கரண்ட் அப்படியே போய்விட்டது. அவருக்கு நேர் எதிரில் நின்றதால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

நானாக இருந்தால் கைக்குட்டையை மட்டும் எடுத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மனிதர். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் என் கூழாங்கல்லை வெளியே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பு நடந்துபோச்சு சார். மாதாகிட்டேருந்து ரெண்டையும் எடுத்துப் பையில போட்டுக்கினேன் போல. இப்ப கெளம்பும், பாருங்க. ஜல்தி இட்டுக்கினு போங்க. சாமியார் திட்டுவாரு."

காலையில் அவர் ஜன்னலில் குனிந்தபோது அவர் பையில் இருந்த சாவியை மோந்துதான் கார் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அவர் நகர்ந்ததும் கத்தியதும் அதற்குத்தான், அணைக்கும்வரை ஓடிவிட்டது.

பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆயிற்று. அந்தக் காரை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வெறுத்ததில்லை.

"ஏறும்மா, டைம் ஆவுது" என்றார் மகளிடம்.

"எதுல?" என்றாள் ஸ்டெல்லா.

லைன்மேன் என் காரைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். எத்தனையோ மழையிலும் புயலிலும் கம்பம் ஏறின மனிதர், அப்போது கீழே நிற்க முடியாமல் நின்றார். எட்டு உறவுக்காரர்களும் ஒரு இளநீர்க் கடைக்காரரும் மூச்சு விடாமல் பார்த்தோம். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"நம்ம பிளசர்ல ஏறு பாப்பா" என்றார்.

"இத சொல்றதுக்கு உனக்கு எட்டு வருஷமாப்பா?" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். அவர் முன்னால் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். அவள் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். நெட்டின் நுனி கதவில் மாட்டாமல் எடுத்து மடியில் வைத்தார். இரண்டு கையாலும் மெதுவாகக் கதவை மூடினார். மூடிய பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பத்து மணிப் பூசைக்குப் பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாமியார் முறைத்தார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். பிளசர் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. எட்டுப் பேரில் நாலு பேரை என் காரில் அடைத்துக்கொண்டேன், மற்றவர்கள் பஸ் ஏறி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

"பஸ்ஸே முன்னால வந்துடுச்சு. உங்க கார்ல வேகமா வந்து, பொண்ணு வந்துக்கினு இருக்குதுன்னு சாமியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். சொல்லியிருக்கலாம். நாலு வழிச் சாலை, முன்னால் வேண்டிய மட்டும் இடம் இருந்தது, என் கார் இருபது நிமிஷத்தில் போயிருக்கும். பிளசரின் பின்கண்ணாடியில் அந்த வெள்ளை நெட் தெரிந்துகொண்டே இருந்தது. அதை முந்திப் போக எனக்கு மனசு வரவில்லை.